ராஜாளியும் ஓதுபிள்ளையும்

"ஹஜ்ரத், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை மத்ரஸாவில் கொண்டுவந்து விடும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். ஓரிரண்டு ஆண்டுகள் சென்றபின் அதே தந்தையர் வந்து, "நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இவன் குணமே இப்படித்தான்" என்று மனம் சோர்ந்து சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அடித்தால் எதையும் மாற்றிவிடலாம் என்பது முதற்கூற்று. என்ன செய்தாலும் எதுவும் மாறாது என்பது இரண்டாவது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே வாயினின்று பிறப்பது வியப்பன்று. ஒன்று பொய்த்துப்போனால் மற்றதில் அடைக்கலம் புகுவது மனிதரின் வழக்கம்.

பழக்கமும் பயிற்சியும் ஓர் உயிரை எந்த அளவுக்கு மாற்ற வல்லவை? எவ்வாறு பழக்கினால் மாற்றம் நிலைக்கும்? நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்த வினாக்கள் இவை. அவ்வாராய்ச்சியின் முதல் ஏடுகள் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை அல்ல, வேட்டைக்காட்டைப் பற்றியவை. அதிலும், நாம் திருந்தாது என்று பழிக்கும் நாயைப் பற்றியவை.

நாய் எப்போது கற்றது ஆகும்?

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் நான்காம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதி அளிக்கிறது. அப்பிராணிகளுக்கு மனிதர் கற்பிப்பதும், இறைவன் மனிதருக்குக் கற்பித்த அறிவிலிருந்தே என்பதையும் அவ்வசனம் சேர்த்துச் சொல்கிறது. நாய்க்குப் பழக்கும் வித்தையையும் 'கற்பித்தல்' என்னும் மதிப்புமிக்க சொல்லாலேயே இறைமறை குறித்திருப்பது நோக்கத்தக்கது. கல்லாத நாய் கடித்துக் கொன்ற மான் வெறும் செத்த பிராணி. இறைவன் பெயர் சொல்லி ஏவப்பட்ட கற்ற நாய் பிடித்த மானோ ஹலாலான உணவு. வேட்டை ஒன்றே, பல்லும் ஒன்றே. நாயிடத்தில் வேறுபாடு கல்வியில் இருக்கிறது.

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் புதல்வர் அதீ (ரலி) வேட்டையில் பழகியவர். அவர் இதுபற்றி வினவியபோது, ஏவிய நாய் பிடித்ததை உண்ணலாம் என்றும், ஆனால் நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணலாகாது என்றும், அது தனக்காகவே பிடித்துக்கொண்டது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள். ஏவியவனுக்காகப் பிடித்ததா, தனக்காகப் பிடித்ததா என்னும் இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் இறுதியில் அது நம்மிடமே திரும்பி வரும்.

அப்படியானால், ஒரு நாய் கற்றுவிட்டது என்பதை எப்படி அறிவது? இமாம்கள் இதனைச் சிறு கேள்வி என ஒதுக்கவில்லை. இரையைத் தின்னாமல் மூன்று முறை விட்டுவைத்தால் கற்றது எனக் கொள்ளலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இரு மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது ஆகியோரின் முடிவு. இமாம் அவர்களோ எண்ணிக்கையை வரையறுக்காமல், பழக்கியவனின் உறுதியான கணிப்புக்கே விட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூலாகிய மின்ஹாஜில் இமாம் நவவீ (ஹிஜ்ரி 631-676, கி.பி. 1233-1277) கூறுவதும் இதற்கு நெருங்கியதே. ஏவினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னாமல் காத்து வைக்க வேண்டும். இவையெல்லாம் கற்றுவிட்டது என்னும் எண்ணம் உறுதிப்படும் வரை திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். ஒருமுறை நிகழ்ந்தது பழக்கம் ஆகாது என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர்.

ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) மறைந்த புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) தம் ஹிதாயாவில் இதற்குக் கூறும் காரணம் ஆழமானது. ஓர் உயிர் தனக்கு இயல்பாகப் பழகிப்போன ஒன்றை விட்டுவிடுவதே அது கற்றதன் அடையாளம் என்கிறார் அவர். நாய் மனிதரை அண்டி வாழ்வது. கூப்பிட்டால் வருவதில் அதற்குப் பெருமை இல்லை. பறித்துத் தின்பதுதான் அதன் பழக்கம். எனவே தின்னாமல் விடுவதே அதன் கல்வி. ராஜாளியோ மனிதரைக் கண்டால் மிரண்டு பறக்கும் பறவை. ஆகவே அழைத்ததும் திரும்பி வருவதே அதன் கல்வி. இரையில் சிறிது கொத்தித் தின்றாலும் குற்றமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, பறவையும் தின்னாதிருக்க வேண்டும் என்பது. சட்டத்தில் வேறுபாடு உண்டாயினும், ஹிதாயா இவ்விடத்தில் சொல்லும் மற்றொரு காரணம் நமக்கு மிகவும் வேண்டியது. நாயின் உடல் அடியைத் தாங்கும். ராஜாளியின் உடல் அடியைத் தாங்காது. ஆதலால் நாயிடம் எதிர்பார்ப்பதைப் பறவையிடம் எதிர்பார்க்கலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கற்றது என்று பெயர்பெற்ற நாய், பின்னொரு நாள் இரையைத் தின்றுவிட்டால் என் செய்வது? அது முன்னர் பிடித்துச் சேமிப்பில் இருக்கும் இறைச்சியையும் உண்ணலாகாது என்கிறார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர் இருவரும் இதனை ஏற்கவில்லை. இமாமின் தரப்பில் ஹிதாயா தரும் விளக்கம் இது: கற்ற தொழிலின் அடிப்படை மறப்பதில்லை. எனவே இன்று தின்ற நாய் அன்றும் கற்றிருக்கவில்லை. அன்று தின்னாமல் விட்டது வயிறு நிறைந்திருந்ததால். வெளியே தெரியும் அடக்கம் எல்லாம் கல்வி ஆகிவிடாது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமோ என நாம் வியந்ததுண்டு.

பேரீச்சங்கொட்டையும் ராஜாளியும்

சட்ட நூலார் நாயையும் பறவையையும் வேட்டைக்காக ஆராய்ந்தனர். அவற்றைச் சான்றாக்கி மனிதனைப் பற்றிப் பேசியவர்களுள் தலையாயவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் புகழின் உச்சியில் இருந்த அவர்கள், ஹிஜ்ரி 488-இல் (கி.பி. 1095) அனைத்தையும் துறந்து வெளியேறினார்கள். அதன்பின் எழுதிய இஹ்யாவு உலூமித்தீன் நாற்பது பகுதிகள் கொண்டது. அதில் இருபத்திரண்டாம் பகுதியின் பெயர் 'ரியாளத்துன் நஃப்ஸ்'. மனத்தைப் பயிற்றுதல் என்பது இதன் பொருள். 'ரியாளா' என்னும் அரபுச் சொல், முரட்டுக் குதிரைக் குட்டியைப் பழக்கிச் சவாரிக்கு இணங்கச் செய்வதைக் குறிப்பது. இன்றைய அரபு மொழியில் விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் அதுவே பெயர். குதிரை லாயத்தில் பிறந்த சொல்லை இமாம் அவர்கள் உள்ளத்தின் மருத்துவத்திற்கு எடுத்துக்கொண்டார்கள்.

உடலின் உயரத்தை மாற்ற இயலாததுபோல் குணத்தையும் மாற்ற இயலாது என்று வாதித்தோர் அக்காலத்திலும் இருந்தனர். நாய் வாலைப் பற்றிய நம் பழமொழியின் அரபு உறவினர்கள் அவர்கள். குணம் மாறாதெனில் அறிவுரைக்கும் நல்லுபதேசத்திற்கும் பொருள் ஏது என்று இமாம் அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். விலங்கின் குணமே மாறுவதைக் காண்கிறோமே: ராஜாளி மிரட்சி நீங்கிப் பழகுகிறது, நாய் இரையின் மீதுள்ள பேராசையை அடக்கிக் காத்திருக்கிறது, குதிரை முரண்டு தணிந்து கடிவாளத்துக்கு இணங்குகிறது. மனிதனிடம் மட்டும் இது எப்படி மறுக்கப்படும்?

ஆயினும் எதையும் எதுவாகவும் ஆக்கிவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பேரீச்சங்கொட்டை ஈச்சமரமும் அன்று, ஆப்பிள் மரமும் அன்று. பேணி வளர்த்தால் ஈச்சமரமாகும் தகுதி அதற்கு உண்டு; எத்தனை பேணினும் ஆப்பிள் மரமாகாது. அவ்வாறே கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்கி எறிய மனிதனால் இயலாது. அவற்றைப் பழக்கிப் பணியவைக்க இயலும். பிள்ளைக்கு வாய்க்காத இயல்பைப் பிள்ளைமீது திணிக்க முயலும் பெற்றோருக்கும் இந்த உவமையில் பாடம் உண்டு.

அமெரிக்காவில் கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் என்னும் தம்பதியர் விலங்குகளைப் பயிற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். 1961-இல் அவர்கள் தம் தோல்விகளை ஒளிக்காமல் ஒரு கட்டுரையில் எழுதினர். நாணயங்களை உண்டியலில் போடுமாறு அந்நாட்டு ரக்கூன் என்னும் விலங்கைப் பழக்கினார்கள். ஒற்றை நாணயத்தை ஒருவாறு போட்ட அது, இரண்டு நாணயங்களைக் கொடுத்ததும், நண்டைத் தேய்த்துக் கழுவித் தின்னும் தன் பிறவிக் குணப்படி, அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, விடவே இல்லை. ஈச்சங்கொட்டை ஆப்பிள் ஆகாது என்ற உண்மையை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள் எனலாம்.

ராஜாளியைப் பழக்கும் முறையையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விவரிக்கிறார்கள். முதலில் அதை இருண்ட அறையில் அடைப்பார்கள். கண்களைத் தைத்து மூடுவார்கள். வானில் திரிந்த பழைய வழக்கத்தை அது மறக்க வேண்டும். பின்னர் இறைச்சித் துண்டுகளை ஊட்டி இதமாக நடத்துவார்கள். நாளடைவில் அது உரிமையாளனோடு பழகி, அவன் குரல் கேட்டதும் வந்து சேரும். கண்ணைத் தைப்பது கொடுமையே. ஆனால் காலப்போக்கில் இக்கலையில் மென்மையான கருவி ஒன்றும் இடம்பெற்றது: தலையில் கவிக்கும் தோல் மூடி. வேட்டைப் பறவைகளைப் பற்றி லத்தீனில் பெருநூல் எழுதிய பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் (மறைவு 1250), அம்மூடியைப் பயன்படுத்தும் முறையை அரபியரிடமிருந்து கற்றதாக எழுதியிருக்கிறார். பறவையைப் பழக்குவோன் அதைத் தன் கையில் ஏந்தி இரவும் பகலும் விழித்திருப்பான். பறவைக்குப் பயிற்சி அளிக்கும் அந்நாட்களில் அவனுக்கும் அது பயிற்சியாகிறது. பொறுமை இழந்தவன் பறவையை இழப்பான்.

மனிதன் தன் குணத்தை மாற்றும் வழியை விளக்க, இமாம் அவர்கள் எழுத்தாளனை உதாரணம் காட்டுகிறார்கள். அழகிய கையெழுத்து வேண்டுவோன், தேர்ந்த எழுத்தாளனின் எழுத்தைப் பார்த்துச் சிரமப்பட்டுப் பலநாள் எழுதுகிறான். பின்னர் அழகு அவன் கைக்கு இயல்பாகிவிடுகிறது. கொடையும் அவ்வாறே. முதலில் மனம் கூசக் கூசக் கொடுப்பவன், கொடுத்துக் கொடுத்தே கொடையாளி ஆகிறான். எண்ணிப் பாராமலும் வருந்தாமலும் செயல் எளிதில் வெளிப்படுமளவுக்கு உள்ளத்தில் வேரூன்றிய நிலைக்கே அவர்கள் குணம் எனப் பெயரிடுகிறார்கள். சிறிதாயினும் விடாமல் செய்யப்படும் அமலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியின் உளவியல் விளக்கமாகவே இதனைக் கொள்ளலாம்.

அப்பகுதியிலேயே குழந்தை வளர்ப்பைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது நற்செயல் புரிந்தால் பிறர் முன்னிலையில் பாராட்டுக. முதன்முறை தவறினால் காணாதவர்போல் இருந்துவிடுக. மீண்டும் தவறினால் தனியே அழைத்துக் கண்டிக்க. எப்போதும் ஏசிக்கொண்டே இராதீர், ஏச்சு கேட்டுப் பழகிய பிள்ளைக்குச் சொல்லின் கனம் போய்விடும். ஓதி முடித்தபின் விளையாட விடுக, விளையாட்டைத் தடுத்து ஓதச் சொல்லிக்கொண்டே இருந்தால் உள்ளம் மரத்து, தப்பிக்கும் தந்திரங்களைத் தேடும். இவ்வாறு செல்கிறது அவர்களின் அறிவுரை. ஏச்சும் ஒரு பழக்கம் ஆகிவிடும் என்று ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கண்டுசொன்ன நுண்மாண் நுழைபுலம் போற்றுதற்குரியது.

அச்சம் கற்பிப்பது என்ன?

இமாம் கஸ்ஸாலிக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 732-இல் (கி.பி. 1332) தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன், தனி மனிதரிடமிருந்து சமுதாயத்துக்கு இந்த ஆராய்ச்சியை விரித்தார். 1377-இல் அவர் எழுதி முடித்த முகத்திமாவில் 'மலகா' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு செயல் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு உள்ளத்தில் நிறமேறி நிலைத்துவிட்ட தேர்ச்சியே மலகா. தச்சனின் கையும், கவிஞனின் நாவும், ஓதுபவனின் நினைவும் இவ்வழியே உருவாகின்றன. மனிதன் தன் பழக்கங்களின் பிள்ளையேயன்றித் தன் பிறவி இயல்பின் பிள்ளை அல்லன் என்பது அவருடைய முடிவு.

பழக்கம் ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். காட்டு மான்களும் காட்டுக் கழுதைகளும் மனிதரிடம் பழகி வளமாகத் தின்னத் தொடங்கினால், அவற்றின் நடையின் மிடுக்கும் தோலின் மினுமினுப்பும் மாறிவிடுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். வன்மையால் அடக்கி ஆளப்படும் மக்களும் அவ்வாறே துணிவிழந்து விடுவர் என்கிறார். ஆனால் இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நபித்தோழர்களும் மார்க்கக் கட்டளைகளுக்குப் பணிந்தவர்களே. அவர்கள் துணிவிழக்கவில்லையே, ஏன்? இதற்கு இப்னு கல்தூன் தரும் விடை முகத்திமாவின் மணியான பகுதிகளுள் ஒன்று. அவர்களைத் தடுத்து நிறுத்திய காவலன் அவர்களுக்குள்ளேயே இருந்தான். வெளியிலிருந்து ஓங்கிய கை அன்று. உள்ளிருந்து வரும் கட்டுப்பாடு மனிதனை நிமிர்த்துகிறது. வெளியிலிருந்து வரும் அச்சம் அவனைக் கூன வைக்கிறது.

மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்கென்றே முகத்திமாவின் ஆறாம் பகுதியில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, சோம்பல் சேர்கிறது, ஓங்கிய கைக்கு அஞ்சி உள்ளத்தில் இருப்பதற்கு மாறாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பொய்யும் சூதும் அதற்குப் பழக்கமாகி, பின்னர் குணமாகவே நிலைத்துவிடுகின்றன. எந்தப் பிரம்பைக் கொண்டு நாம் ஒழுக்கத்தைப் பழக்க நினைக்கிறோமோ, அதே பிரம்பு பொய்யைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். மாலிகி மத்ஹபின் அறிஞர் இப்னு அபீஸைத் கைரவானி, தேவைப்பட்டாலும் மூன்று அடிக்குமேல் கூடாது என வரையறுத்ததையும் அவர் எடுத்துரைக்கிறார்.

இதனை நூலில் படித்தும் நாம் உணரவில்லை. நமக்கு உணர்த்தியவன் ஓர் ஓதுபிள்ளை. நாம் ஓதிய காலத்தில் உஸ்தாதின் பிரம்பு நம் கைகளில் பேசியது. நாம் உஸ்தாது ஆனதும் அந்தப் பிரம்பு நம் கைக்கு வந்து சேர்ந்தது. எவரும் எடுக்கச் சொல்லவில்லை. அது பழக்கமாக வந்தது. ஹிப்ளு வகுப்பில் அச்சிறுவன் நம் முன் பிழையின்றி ஓதுவான். வேறு ஆலிம் பரீட்சிக்க வந்தபோது வசனங்கள் தடுமாறின. பின்னர் ஒருநாள் அவனுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பாடம் கேட்டோம். தவறாகத் திரும்பிய இடங்களில் எல்லாம் தவறாகவே சென்றான். அப்போதுதான் விளங்கிற்று: அவன் தவறும்போது நம் கை பிரம்பை நோக்கிச் சற்றே அசையும், அதைக் கண்டு அவன் திருத்திக்கொள்வான். அவன் ஓதியது நெஞ்சிலிருந்து அன்று, நம் கையிலிருந்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சொன்ன நாய் அன்று தின்னாமல் விட்டது கல்வியால் அன்று என்பதுபோல, இவன் பிழையின்றி ஓதியதும் கல்வியால் அன்று.

இத்தகைய ஒன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு குதிரையிடம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். கேட்ட கணக்குக்குக் குளம்பால் தரையைத் தட்டி அது விடை சொல்லிற்று. 1904-இல் கூடிய அறிஞர் குழு இதில் ஏமாற்று எதனையும் காணவில்லை. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் உண்மையை வெளியிட்டார். விடை அறியாதவர் கேட்டால் குதிரையும் விடை அறியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் மிகச் சிறிதே அசையும். அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடும். ஆசிரியர் கணக்கைக் கற்பித்ததாக நினைத்தார். குதிரை ஆசிரியரைக் கற்றுக்கொண்டது. நம் பிள்ளைகளும் அவ்வாறே. நாம் வாயால் சொல்லுவது ஒன்று. நம் முகமும் கையும் பழக்குவது மற்றொன்று.

பத்து வயதும் பிரம்பும்

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: "ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிடின் அடியுங்கள் என ஹதீஸ் இருக்கிறதே?" இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் இரண்டாம் பாதியை நினைவில் வைத்தோர் முதற்பாதியை எண்ணிப் பார்த்ததுண்டா? ஏழிலிருந்து பத்துவரை மூன்று ஆண்டுகள். சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள். நாளுக்கு ஐந்து வேளை. கணக்கிட்டால் 5,310 தடவைகள். ஐயாயிரம் முறைக்குமேல் அன்போடு அழைத்தபின் வரும் வார்த்தை அது. அதற்கும் முகத்தில் அடிக்கலாகாது, காயம் உண்டாக்கலாகாது என்று ஃபுகஹாக்கள் வேலியிட்டார்கள். நம்முள் எவர் அந்த 5,310-ஐ முடித்துவிட்டுப் பிரம்பை எடுத்தோம்?

அண்ணலாரின் வழி இன்னும் தெளிவானது. அன்னவர்கள் போர்க்களத்தில் அன்றித் தம் கையால் எவரையும் அடித்ததில்லை, பெண்ணையும் பணியாளரையும்கூட அடித்ததில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சிறுவராகச் சேர்ந்து பத்தாண்டுகள் பணிபுரிந்த அனஸ் (ரலி), தம்மை அவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று சொன்னதில்லை என்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) ஒருமுறை அடங்காத ஒட்டகத்தில் ஏறி, அதை முன்னும் பின்னுமாக விரட்டித் திருப்பியபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். முரட்டு ஒட்டகத்திற்கே மென்மை உரியதெனில், குழந்தையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடைசெய்தது. 2012-இல் வந்த திருத்தம், மத்ரஸாக்களுக்கும் வேதபாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றது. குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் பொதுச் சட்டங்கள் வேறு உண்டு. அவை அனைவருக்கும் உரியன. ஆயினும் அந்த ஒரு சட்டம் நம் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. இதனை நாம் சலுகையாகக் கருதலாகாது. சோதனையாகக் கருத வேண்டும். வெளிக்காவலன் இல்லாத இடத்தில் உள்ளிருக்கும் காவலன் விழித்திருக்கிறானா என்பதே இப்னு கல்தூன் நம்மிடம் கேட்கும் கேள்வி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மற்றோரிடத்தில், அறிவை வேட்டைக்காரனாகவும், ஆசையை அவன் ஏறிய குதிரையாகவும், கோபத்தை அவனுடைய நாயாகவும் உவமிக்கிறார்கள். குதிரையும் நாயும் பழக்கப்பட்டிருந்தால் அவனுக்கு வேட்டை கைகூடும். இல்லையேல் அவனுக்கே கேடு. இதனைப் படித்த நாளில் நாம் நம் பிரம்பைப் பார்த்தோம். பிள்ளையைத் திருத்துவதாகச் சொல்லி ஓங்கிய அடிகளுள் எத்தனை அவனுக்காக? எத்தனை, நம் சினத்தின் பசி தீர நாமே தின்றுகொண்டவை? பிடித்த இரையைத் தின்ற நாயைப் பற்றி, அது தனக்காகவே பிடித்துக்கொண்டது எனக் கூறப்பட்டது. நம்முள் இருந்த அந்த நாய் கற்றிருக்கவில்லை. கல்லாத அதை வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்தோம். அப்பிள்ளைகளிடம் நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பிரம்பை எடுத்துப் பரண்மேல் வைத்தோம். ஆனால் பழக்கம் பரண்மேல் ஏறவில்லை. பல மாதங்கள்வரை, ஒரு பிள்ளை தடுமாறும்போதெல்லாம் நம் வலக்கை தானாகவே பாயின் ஓரத்தைத் தடவிற்று. வெறுங்கை திரும்பி வரும், நாணித் தலைகுனிவோம், மீண்டும் பாடம் கேட்போம். மூன்று முறையன்று, முந்நூறு முறைக்குமேல் அவ்வாறு நிகழ்ந்திருக்கும். பின்னர் எப்போது நின்றது என்பது நமக்கே தெரியாமல் அது நின்றது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். வளைந்தது, நாம் அறிவோம். அச்சிறுவனும் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து, நம் முதுகைப் பார்த்தே முழுக் குர்ஆனையும் ஓதி முடித்தான்.

இப்போதும் தந்தையர் வருகிறார்கள். தோலை உரிக்கும்படி சொல்லுகிறார்கள். "அத்தா, உங்கள் பிள்ளை ராஜாளி. அதன் உடல் அடி தாங்காது, அழைத்தால் வரும். அழைத்துப் பழக்குவோம், நீங்களும் வீட்டில் அழையுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் ஐயுறுகிறார்கள். பிள்ளை மட்டும் நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். அன்று முதற்பாடம் தொடங்கிவிடுகிறது.